நிலைப்படி இல்லாத கதவு

எங்கள் ஆட்களுக்குக் கதவைப் பற்றி ஒன்றும் தெரியாது. தாராவியில் பிறந்து வளர்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் சந்தில் விடிந்ததும் திறக்கிற கதவைப் படுக்கப் போகும்போதுதான் சாத்துவார்கள். நடுப்பகலில் ஒரு வீட்டுக் கதவு மூடிக் கிடந்தால் அவர்கள் ஊருக்குப் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே புருஷன் பெண்டாட்டி சண்டை நடக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரி வந்து தட்டி, "என்ன, மேலுக்கு முடியலியா?" என்று விசாரித்துவிட்டுப் போவாள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த நான் கதவு தேர்ந்தெடுத்துக் கொடுப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் இதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும். இப்போது வருவதில்லை.

செம்பூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. மருந்துத் தொழிற்சாலைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் க்ளீன்ரூம் கட்டிக் கொடுக்கிறோம். தூசியும் கிருமியும் இல்லாமல் வடிகட்டிய காற்றை ஓர் அறைக்குள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே இருக்கிற காற்றின் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதனால் யாராவது கதவைத் திறந்தாலும் உள்காற்று வெளியே போகுமே தவிர வெளித்தூசி உள்ளே வராது. சுவரும் கூரையும் தரையும் ஒருமுறை சரியாகப் போட்டுவிட்டால் அதோடு முடிந்தது. கதவு அப்படி இல்லை. அந்த அறையிலேயே தினமும் அசைகிற பொருள் அது ஒன்றுதான், அறை கெட்டால் பெரும்பாலும் அங்கேதான் கெடும். இதைச் சொன்னால் முதலாளிகள் யாருக்கும் காதில் ஏறாது. இயந்திரத்துக்கு அள்ளிக் கொடுப்பார்கள், கதவு என்று வந்தால் தெரிந்த ஆசாரி ஒருவன் இருக்கிறான் என்பார்கள்.

அத்தானும் அதைத்தான் சொன்னார். அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். தாராவியில் தையல் பட்டறை வைத்திருந்தார். முதலில் பள்ளிக்கூடப் பைகள், பிறகு ஓட்டல்காரர்களுக்கு ஏப்ரன், கொரோனா வந்தபோது ஆஸ்பத்திரி கவுன். கொரோனா போன பிறகும் கவுன் வேலை மட்டும் விட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரிகளுக்குச் சரக்கு கொடுக்கும் பெரிய கம்பெனி ஒன்று அவருடைய தையலைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் தியேட்டர் துணிகளைத் தைத்துத் தர முடியுமா என்று கேட்டது. ஒரே ஒரு நிபந்தனை. தைத்ததை மடித்துப் பையிலிட்டு ஒட்டுகிற இடம் க்ளீன்ரூமாக இருக்க வேண்டும், அவர்களுடைய ஆள் வந்து சோதித்துச் சரி என்று சொல்ல வேண்டும்.

அந்தச் சமயத்தில் பட்டறை இருந்த சந்து முழுவதையும் இடிக்கப் போகிறார்கள் என்று ஆகிவிட்டது. கட்டட உரிமையாளர் காலி செய்யச் சொல்லிவிட்டார். தாராவியில் வேறு இடம் அகப்படவில்லை. அத்தான் தேவ்நாரில் ஒரு காலா பிடித்தார். தொழிற்கூடத்துக்கு இருக்கிற ஒற்றைக் கூடத்தை இங்கே காலா என்பார்கள். தையல் மெஷின்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே இறக்கினார். பழைய இடத்தை விட்டாயிற்று, புதிய இடத்தின் வாடகையைச் சில்லறைத் தையலால் தாங்க முடியாது. கம்பெனி வேலை கிடைத்தால் பட்டறை பிழைக்கும், இல்லையென்றால் அவ்வளவுதான். இதை அத்தானும் நானும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

மாதுங்காவில் ஒரு ஓட்டலில் காபி குடித்துக்கொண்டே கதவு பேசினோம். என் கம்பெனியின் படங்களைப் பரப்பி வைத்திருந்தேன். அத்தான் ஒன்றையும் பார்க்கவில்லை.

"தேக்குல போட்டா என்ன மாப்ளே? நம்ம ஆசாரி சுனாபட்டியில இருக்கான். ரெண்டு நாள்ல செஞ்சு மாட்டிருவான்."

"மரம் ஈரம் குடிக்கும் அத்தான். இந்த ஊரு மழைக்கு ஒரே சீசன்ல பூசணம் புடிச்சிரும்."

"அப்போ மால்ல வச்சிருக்கான்லா, பக்கத்துல போனா தானாத் தெறக்குமே கண்ணாடி. அதப் போடுவமா? கம்பெனிக்காரன் பாத்தா அசந்துருவான்."

அசத்துவதற்கு நாம் கல்யாண மண்டபம் கட்டவில்லை என்று எரிந்து விழுந்தேன். தள்ளுகதவென்றால் தண்டவாளம் வேண்டும், தண்டவாளத்தில் தூசி சேரும், ஓரங்களில் இடுக்கு இருக்கும். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அத்தானுக்கு அது பழகிப்போன விஷயம், மெதுவடையைப் பிய்த்துக்கொண்டு காத்திருப்பார்.

கடைசியில் நான் சொன்னதுதான் நடந்தது. பவுடர் கோட்டிங் செய்த இரும்புத் தகட்டுக் கதவு. நடுவில் பார்ப்பதற்குக் கண்ணாடி, அதுவும் விளிம்பு துருத்தாமல் தகட்டோடு சமமாக. விளிம்பு இருந்தால் அதில் தூசி உட்காரும். கதவு உள்பக்கமாகத் திறக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே இருக்கிற காற்று அதைச் சட்டத்தோடு அழுத்தி மூடும். அத்தானுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது.

"அப்போ காத்தே கதவச் சாத்திக்கிடும்னு சொல்லுதே."

"ஆமா."

"நம்ம பொம்பளையள நம்புததுக்கு அது மேலு."

கதவுச் சட்டம் பொருத்துகிற அன்று அக்கா டிபன் எடுத்துக்கொண்டு வந்தாள். அக்காவுக்கும் வேலை அந்தப் பட்டறையில்தான். துணி வெட்டுவாள், பெண்களை மேய்ப்பாள், பொருத்துகிறவர்களுக்கு இட்லி சுட்டுக்கொண்டு வந்து நிற்பாள். சட்டத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்கலே தம்பி, நிலைப்படி?"

"இதுக்குப் படி கெடையாதுக்கா."

"படி இல்லாம என்ன வாசலு?"

படி வைத்தால் அந்த மூலையில் அழுக்கு தங்கும், டிராலி இடிக்கும், துடைக்க வராது, கதவு மூடும்போது அடியிலிருந்து ஒரு ரப்பர் தானாக இறங்கித் தரையைத் தொடும் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அக்கா கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, "படி இல்லாத வாசல்ல லெச்சுமி எங்க வந்து நிப்பா?" என்றாள்.

"இங்க யாரும் நிக்கக் கூடாதுக்கா. லெச்சுமியா இருந்தாலும் கவுன் மாட்டிக்கிட்டு உள்ள போயிட்டே இருக்கணும்."

பொருத்துகிறவர்கள் சிரித்தார்கள், அத்தானும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. எனக்கு செம்பூரில் வேலை இருந்ததால் கிளம்பிவிட்டேன்.

அறை தயாரானது. வெளியிலிருந்து நேராக உள்ளே போக முடியாது. முதல் கதவைத் திறந்தால் சின்ன அறை, அங்கே கவுனும் தொப்பியும் மாட்டிக்கொண்டு இரண்டாவது கதவு வழியாகப் போக வேண்டும். ஒரு கதவு திறந்திருந்தால் மற்றொன்று திறக்காது, சிவப்பு விளக்கு எரியும். எங்கள் பெண்களுக்கு இது பெரிய கொடுமையாக இருந்தது. வாழ்நாள் முழுக்கத் திறந்த கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவர்கள். சிவப்பு எரியும்போதே கைப்பிடியைப் பிடித்து இழுப்பார்கள். முதல் வாரம் கதவு இடுக்கில் துணிக்கட்டு ஒன்றைச் செருகி வைத்திருந்தார்கள், மூச்சு முட்டுகிறதாம். அத்தான் கத்தித் தீர்த்தார். பூ கூடாது, வளையல் கூடாது, முகத்துக்குப் பவுடர் கூடாது என்று ஆயிற்று. முணுமுணுத்துக்கொண்டே பழகினார்கள். அவர்களும் பட்டறையை நம்பித்தான் இருந்தார்கள்.

கம்பெனி ஆள் வருவதற்கு முன் நாங்களே சோதித்துப் பார்த்தோம். சின்னத் தட்டுகளில் கூழ் மாதிரி ஒன்றை ஊற்றி அறைக்குள் அங்கங்கே திறந்து வைப்பார்கள். காற்றில் கிருமியோ பூசணமோ இருந்தால் சில நாளில் தட்டில் புள்ளி புள்ளியாக வளர்ந்து காட்டிக் கொடுத்துவிடும். எல்லாத் தட்டும் நன்றாகவே வந்தது. இரண்டாவது கதவுக்குப் பக்கத்தில் வைத்தது மட்டும் பஞ்சு ஒட்டினது போலப் பூசணம் பிடித்து வந்தது. அறையைக் கழுவி மறுபடி வைத்தோம். மறுபடியும் அந்தத் தட்டுதான்.

என் கதவைக் குறை சொன்னது போல எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. புகை காட்டிப் பார்த்தேன், காற்று சரியாகத்தான் வெளியே போயிற்று. ரப்பரை மாற்றினேன். கண்ணாடி ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தேன். கதவில் ஒரு குற்றமும் இல்லை. அப்படியென்றால் ஆட்கள்தான் என்று அத்தான் முடிவு கட்டினார். பல வருஷமாக அவரிடம் வேலை பார்த்த ஒரு அம்மாவை, கழுத்தில் பவுடர் போட்டுக்கொண்டு வந்ததாகச் சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார். அந்த அம்மா அழவில்லை. கவுனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "பவுடர் வாங்கி ஆறு மாசமாச்சு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

குறித்த நாளில் கம்பெனியிலிருந்து வந்தது ஒரு மராட்டிப் பெண். சின்ன வயது, மரியாதையானவள். அத்தானை அங்கிள் என்றே கூப்பிட்டாள். துணியைப் பார்த்தாள், ஒட்டிய பைகளைப் பார்த்தாள், தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். அக்கா வீட்டில் அவளுக்காக வடையும் கேசரியும் செய்துகொண்டிருந்தாள். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று அத்தான் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

இரண்டாவது கதவுக்குப் பக்கத்தில் அந்தப் பெண் நின்றாள். கீழே பார்த்தாள். மண்டியிட்டு டார்ச் அடித்தாள். கதவுச் சட்டம் தரையைத் தொடுகிற இடத்தில் சிலிகான் பூசியிருப்போம். அது ஓரிடத்தில் லேசாகப் பிளந்திருந்தது. அந்தப் பிளவிலிருந்து வெள்ளையாக ஒரு முளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நுனியில் இரண்டு இலை, வெளிறிப்போய்.

"அங்கிள், யே தோ உக் ரஹா ஹை" என்றாள். இது முளைக்கிறதே என்று. திட்டுகிற குரலில் சொல்லவில்லை, ஆச்சரியமாகத்தான் சொன்னாள்.

நான் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினேன். சட்டம் உள்ளே கூடாக இருக்கும். அடியிலிருந்து ஈரமாக, நாற்றமடித்துக்கொண்டு ஒரு மஞ்சள் துணிப் பொட்டலம் வந்தது. உள்ளே நவதானியம். பாசிப்பயறும் கொள்ளும் எள்ளும் உளுந்தும் ஊறிப் பூசணம் பிடித்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தன. தினமும் தரை துடைக்கிற தண்ணீர் கசிந்து போய் அவற்றை நனைத்திருக்கிறது. பயறு ஒன்று மட்டும் வெளிச்சத்தைத் தேடி வெளியே வந்துவிட்டது.

நிலை வைக்கும்போது நவதானியம் முடிந்து வைப்பது எங்கள் வழக்கம். வீடென்றால் வாசக்காலுக்கு அடியில் வைத்து, பால் ஊற்றி, மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். அந்தப் பெண்ணிடம் இதை எந்த ஹிந்தியில் சொல்வது? "பூஜா கா ஹை", பூஜைக்கு வைத்தது என்று ஏதோ உளறினேன். அவள் பொட்டலத்தைப் போட்டோ எடுத்தாள். எடுக்கும்போது, "ஸாரி அங்கிள்" என்றாள். வடை சாப்பிடாமல் போனாள்.

அவள் போன பிறகு அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒங்க அக்காதான் வச்சா, மாப்ளே. நிலை மாட்டுன அன்னைக்கி. பூட்டுக்கு வயர் போறதுக்கு ஒரு ஓட்டை வச்சிருந்தாம்லா, அதுக்குள்ளாற போட்டா. படிதான் இல்ல, தானியமாவது இருக்கட்டும்னா. நான்தான் டார்ச் அடிச்சேன்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சாமி காரியத்துல என்ன மாப்ளே கட்பட், என்ன கோளாறு ஆவப்போவுதுன்னு நெனச்சேன்" என்றார். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? படி இல்லாத வாசலில் பட்டறை நிலைக்காமல் போய்விடுமோ என்று பயந்தவளையா? அவளுக்கு டார்ச் அடித்தவரையா? இத்தனை வருஷமாக எத்தனையோ கதவு போட்டிருக்கிறேன், எவன் குற்றம் என்று தேடினால் எவனாவது அகப்படுவான். இந்த முறை எவனும் அகப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

சட்டத்தைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறேன், மறுபடி ஒருமுறை வந்து பாருங்கள் என்று கம்பெனிக்கு எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. அந்த வேலையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். ஆபரேஷன் துணி மடிக்கிற அறையில் செடி முளைத்ததை அவர்களால் மறக்க முடியாதுதான். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் கொடுத்திருக்க மாட்டேன்.

"அக்காகிட்ட மட்டும் சொல்லிராத" என்றார் அத்தான். சொல்லவில்லை. கம்பெனிக்காரர்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று சொல்லி வைத்தோம். அக்கா நம்பினாள். கண்ணேறு என்றாள், திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டாள்.

அத்தான் அந்தப் பவுடர் அம்மாவைத் தேடிப் போனார். அவர் சான்பாடாவில் ஏதோ ஒரு வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். பார்க்க முடியவில்லை என்றார். பார்த்தும் பேசாமல் வந்தாரோ என்னவோ, நான் துருவவில்லை.

காலாவைக் காலி செய்த அன்று அக்காவும் வந்தாள். மெஷின்களை யாரோ விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். கதவுகளை மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்த வாசலுக்கென்று அளவெடுத்துச் செய்தவை, இன்னொரு வாசலுக்குப் பொருந்தா. பழைய இரும்புக்காரன் கண்ணாடியைத் தட்டி உடைத்துவிட்டுத் தகட்டை மட்டும் தூக்கினான். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள்.

"நாம ஒரு குறையும் வைக்கலியேலே தம்பி. எல்லாம் மொறப்படிதான செஞ்சோம்?"

"ஆமாக்கா" என்றேன். அன்றைக்குக் கோவண்டியில் ரயில் ஏறியவன் இறங்க வேண்டிய சுனாபட்டியில் இறங்காமல் எங்கேயோ போய் இறங்கினேன். செத்துப்போனால் தேவலை என்று இருந்தது. அது எனக்கு வர வேண்டிய துக்கம்கூட இல்லை, ஆனாலும் வந்தது.

இந்த வருஷம் நவி மும்பைப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு எங்கள் கம்பெனி என்னைக் கதவு பார்க்க அனுப்பியது. அங்கேயும் ஆபரேஷன் துணிதான். அத்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தது எனக்குத் தெரியும். காண்டிராக்டில் துணி வெட்டுகிற வேலை. இந்த வயதில் யார் கொடுப்பார்கள் என்று நினைத்தால் அதுவே பெரிது.

கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். வரிசையாக வெள்ளைக் கவுன், வெள்ளைத் தொப்பி, மாஸ்க். கண்கள் மட்டும்தான் தெரிந்தன. பட்டறையில் இத்தனை பேரை ஒரு அதட்டலில் அடக்கிய மனிதர் அதில் எங்கேயோ குனிந்துகொண்டிருந்தார். எது அத்தான் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாக் கண்ணையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், தெரியவில்லை.

சாப்பாட்டு வேளையில் அவரே வெளியே வந்து என்னைக் கண்டுகொண்டார். தொப்பியின் ரப்பர் நெற்றியில் பதிந்து சிவந்திருந்தது. அக்கா கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தில் எனக்கும் பாதி வைத்தார். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று கேட்டார். கதவு பார்க்க என்றேன்.

அந்தக் கதவை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்ல கதவுதான், மாப்ளே. ஆனா நம்ம போட்டது இதவிட நல்லாருந்துச்சி."

நான் தலையை ஆட்டினேன். உள்ளேயிருந்து வந்த மேஸ்திரி, சின்னப் பையன், கைக்கடிகாரத்தைக் காட்டி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அத்தான் டிபன் டப்பாவை அவசரமாக மூடிக்கொண்டு, "வாரேன் சார்" என்று எழுந்து ஓடினார்.